சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியை வழக்கறிஞனான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 43. ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பிறந்த ஊர் பல்லடத்துக்கு அருகே. அப்பா 2022இல் உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்துக் காடு, அதாவது விளைநிலம், மூன்று ஏக்கர். கிணறும் சாளையும் (தோட்டத்து வீடு) உள்ள தோட்டம், அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது, ஒன்றரை ஏக்கர். அம்மா சாளையிலேயே இரண்டு எருமைகளோடு இருக்கிறார். ஒரே அண்ணன், மூன்று வயது மூத்தவர். குடும்பம் நொடித்திருந்த காலத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் இவர் பி.ஏ., பி.எட். முடித்தார். அண்ணன் இப்போது சொந்தமாகத் தையல் யூனிட் வைத்து ஜாப் ஒர்க் எடுத்து நடத்துகிறார். இரண்டு ஆண்டுகளாக ஆர்டர் சரியில்லை. கடன் 38 லட்சம் என்கிறார். "நீ உன் பாகத்தை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் பூமியை விற்றுக் கடனைத் தீர்த்துவிடுவேன். அம்மாவையும் உன்னையும் கடைசிவரை நான் பார்த்துக்கொள்வேன்" என்று கேட்டிருக்கிறார். புதிய சாலை வரப்போகிறது என்ற பேச்சில் ஏக்கர் 60 லட்சம் வரை போகிறதாம்.

உறவினர்கள், பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரும் தங்கை தங்காளும் வரும் அண்ணன்மார் கதையை இழுக்கிறார்கள். "தங்காளைப் போலத் தங்கச்சி இருக்க வேண்டாமா?" ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதும் கணவரோ, "பாகம் வாங்காமல் வராதே, மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள்" என்கிறார். ஆசிரியை ஒரு குறளை மேற்கோள் காட்டி முடிக்கிறார்:

அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார்
என்பும் உரியர் பிறர்க்கு.

"எலும்பையே கொடுப்பது அன்பு என்று பாடம் நடத்துகிறவள் நான். அண்ணனிடம் சென்ட் கணக்குப் பேச நாக்கூசுகிறது. பணம் பெரிதில்லை என்றுதானே நம் இலக்கியம் முழுக்கச் சொல்கிறது? கையெழுத்துப் போட்டுவிடட்டுமா ஐயா?"

அம்மிணி, இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் அண்ணன் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பதினாறு வயதில் தங்கைக்காகப் புத்தகத்தை மூடியவரை அப்படி நினைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் இப்போது போடாதீர்கள். நீங்கள் பாதிக் கடிதத்தை இலக்கியமாக எழுதியிருப்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். சட்டம் பின்னால் வரும். கோர்ட்டில் இந்த வரிசையில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை.

பணத்தை நம் புலவர்கள் எங்கே வைத்தார்கள்?

"பணம் பெரிதில்லை" என்று நம் இலக்கியம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவரையில் அது அப்படிச் சொல்லவில்லை. பணத்தால் ஆகாதவை சில உண்டு என்கிறது. இரண்டும் வேறு வேறு.

உங்களுக்கு மிகவும் பக்கத்தில், நம் பழநி மலையை ஆண்ட பேகனை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். அந்த வள்ளல் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான் என்பதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பேர் அவனிடம் போய்ப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை இருக்கின்றன. பரணர் சொல்கிறார், "பசித்தும் வாரேம், பாரமும் இலமே." நாங்கள் பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழார் இன்னும் ஒரு படி மேலே போய், உன் அரிய நகையும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம் என்று நேராகவே மறுத்துவிடுகிறார்.

அந்தப் புலவர்கள் பொருளின் அருமை அறியாதவர்களா? வறுமையை அவர்களைவிட யாரும் பாடியதில்லை. பொருளை நன்றாக அறிந்தவர்கள் என்பதால்தான், ஒரு பெண்ணின் கண்ணீருக்கு முன்னால் அது எவ்வளவு குறைவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது. தங்கள் கைக்கு வரவிருந்ததை, அது எவ்வளவு என்று தெரிந்தே விட்டார்கள்.

அடுத்தது சிலம்பு. பொருளெல்லாம் தொலைந்த வெட்கத்தோடு கோவலன் திரும்பி வருகிறான். வறுமை எனக்கு நாணம் தருகிறது என்கிறானே ஒழிய, எதையும் கொடு என்று கேட்கவில்லை. "சிலம்புள கொண்ம்" (சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்) என்று தானாகவே சொல்கிறாள் அவன் மனைவி, இந்தக் கண்ணகி. அதற்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பாருங்கள். இந்தச் சிலம்பை முதலாக வைத்து இழந்த பொருளை மதுரையில் ஈட்டப்போகிறேன் என்கிறான். 'முதல்' என்ற வணிகச் சொல்லையே இளங்கோ அங்கே வைத்திருக்கிறார்.

வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வழக்குரை காதை. அரசன் தன் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அவள் தன்னுடையதில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. காதலுக்காகக் கழற்றிக் கொடுத்தவள்தான். ஆனாலும் தான் கொடுத்ததன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்றால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்? (அந்தக் கண்ணகிக்கு நம் கொங்கிளங் கோசர் விழாவெடுத்தார்கள் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. நம் ஊருக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை.)

நீங்கள் காட்டிய குறள் 72. அதே வள்ளுவர் 757ஆவது குறளில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்:

அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும்
செல்வச் செவிலியால் உண்டு.

அன்பு பெற்ற பிள்ளை அருள். அதை வளர்ப்பது பொருள் என்னும் செவிலித்தாய். பணத்துக்கு இவ்வளவு சரியான இடத்தை வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. தாய் என்றும் சொல்லவில்லை, வீட்டைவிட்டு விரட்டவும் இல்லை. உங்கள் அண்ணனின் அன்பு உங்களைக் கல்லூரிக்கு அனுப்ப முடிவு செய்தது. கட்டணத்தைக் கட்டியது அவருடைய வாரச் சம்பளம். செவிலி இல்லாமல் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது.

தங்காளைப் பற்றி ஒரு வார்த்தை. களத்தில் மாண்ட அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் போனவள் அவள். உடுக்கடிப் பாட்டில் அந்த இடம் வரும்போது சிறுவயதில் நானும் அழுதிருக்கிறேன். பொன்னரும் சங்கரும் அவளைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனதாக நான் கேட்டதில்லை.

யாரும் போடாத கணக்கு

உங்கள் கடிதத்தில் எல்லா எண்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பணத்தைப் பேசுவது கேவலம் என்று எல்லோரும் கூச்சப்பட்டதன் விளைவு இது.

நான்கரை ஏக்கர், ஏக்கர் 60 லட்சம் என்றால் மொத்தம் 2 கோடியே 70 லட்சம். அதில் அண்ணனுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று குறைவாகவே வைத்தாலும் 90 லட்சம். கடன் 38 லட்சம். அதாவது அவர் தம்முடைய பாகத்திலேயே சுமார் 65 சென்ட் விற்றால் கடன் தீர்ந்துவிடும். விலை பாதிதான் என்றாலும் அவருடைய பாகம் போதும். அப்படியிருக்க உங்கள் பாகமும் அம்மாவின் பாகமும் எதற்கு?

இதற்கு நேர்மையான காரணங்கள் இருக்கலாம். வாங்குகிறவர் முழு நிலத்தையும் கேட்டிருக்கலாம். பிரிக்காத சொத்தில் ஒரு மூலையை மட்டும் விற்க ஆள் கிடைக்காமல் இருக்கலாம். உங்கள் கையெழுத்து தேவை என்றால் மொத்தத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாராவது பத்திரம் எழுதுகிறவர் சொல்லி அண்ணன் நம்பியிருக்கலாம். எனக்குக் கவலை தரும் காரணம் ஒன்றும் உண்டு. கடன் 38 லட்சத்தோடு நிற்காமல் இருக்கலாம். 38 லட்சம் என்பது அவர் சொன்ன எண்ணா, நீங்கள் தாளில் பார்த்த எண்ணா? நொடித்துப்போகிற ஆண்கள் வீட்டில் முழுக் கடனையும் சொல்வதில்லை. வெட்கம். கோவலனுக்கு வந்த அதே வெட்கம்தான்.

ஒரு தியாகத்துக்குத் தயாராகிவிட்டீர்கள். ஆனால் அது தேவைதானா என்று பார்க்கவில்லை.

சட்டத்தில் நீங்கள் தவறாக நினைத்திருப்பவை

"கல்யாணத்துக்கு 35 பவுன் போட்டார்கள், சீரும் செய்தார்கள், என் பாகம் அதிலேயே முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த நகை உங்கள் ஸ்திரீதனம், உங்களுக்கே சொந்தமானது. அதைக் காட்டிப் பாகத்தில் கழித்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தமும், 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகளின் இடத்தை மேலும் உறுதியாக்கின. உங்கள் திருமணம் 2004இல்.

"அப்பாரு சொத்தில் எனக்கு உரிமை குறைவுதானே" என்பது அடுத்த தவறு. அப்பா வாங்கிய தோட்டத்தில் அம்மா, அண்ணன், நீங்கள் என மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. காடு எப்படி வந்தது என்பதை மூலப்பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்பாரு 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அவருடைய தனிச்சொத்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து; அதிலும் மூன்றில் ஒன்று. தலைமுறையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாகவே நீடித்திருந்தால் உங்கள் பங்கு கூடும். ஒன்பது பாகத்தில் உங்களுக்கு நான்கு, அண்ணனுக்கு நான்கு, அம்மாவுக்கு ஒன்று. எப்படிப் பார்த்தாலும் உங்கள் பாகம் மூன்றில் ஒன்றுக்குக் குறையாது.

"பின்னால் நிலைமை சரியானதும் அண்ணன் திருப்பி எழுதித் தருவார்" என்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிற வரி. பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. மோசடி, வற்புறுத்தல் என்று வழக்குப் போட வேண்டுமானால், விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். அன்பாகக் கேட்டதை வற்புறுத்தல் என்று எந்த நீதிபதி முன் நிரூபிப்பீர்கள்? "கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்ச்சொல்லுக்குப் பத்திரத்தில் இடமே இருக்காது. அது அண்ணன் உயிரோடு இருக்கும்வரைதான் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். எழுதிக் கொடுத்த நான்காம் வருடம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். நங்கையாவும் (அண்ணன் மனைவி) அவருடைய பிறந்த வீட்டாரும், அப்படி ஒரு பேச்சே எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய்யாகக்கூட இருந்திருக்காது. அண்ணனும் தங்கையும் தனியே பேசிக்கொண்டது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. அண்ணன் தொழிலுக்காகத் தனியாக வாங்கிய கடனுக்கு உங்கள் பாகத்தின்மேல் யாரும் கைவைக்க முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்த மறுநிமிடம் அது அவருடைய சொத்து. கடன்காரர்கள் அதற்கும் வரலாம். விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாக "ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு" என்று கேட்டால் அதற்கும் இசையாதீர்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகளின் படிப்பை நினைத்துப் பேசுகிறார், அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பாகம் முழுக்க முழுக்க உங்களுடையது. வாங்கு என்றோ விடு என்றோ உத்தரவிட அவருக்கும் உரிமை இல்லை, அண்ணனுக்கும் இல்லை.

என்னுடைய யோசனை

எதுவும் தரமாட்டேன் என்று நிற்கலாம்; சட்டம் உங்கள் பக்கம். ஆனால் உங்களால் அதைத் தாங்க முடியாது என்று கடிதத்தின் ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. முழுவதையும் எழுதிக் கொடுக்கலாம். அதன் ஆபத்துகளைச் சொல்லிவிட்டேன். பாகப்பிரிவினை வழக்கு என்பது கடைசி வழி. ஈரோடாக இருந்தாலும் திருப்பூராக இருந்தாலும் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நம்மிடம் அவ்வளவு காலம் இருக்கலாம். உங்கள் அம்மாவிடம் இல்லை.

முதலில் மூவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கிணறும் சாளையும் அம்மாவின் பாகத்தில் வரட்டும். நடை, வண்டிப்பாதை, கிணற்றுத் தண்ணீர் முறை எல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் பாதி வழக்கு தடத்துக்காகத்தான் நடக்கிறது. அண்ணனின் பாகம் சாலைப்பக்கம் அமைய நீங்கள் விட்டுக்கொடுங்கள். விலை அங்கேதான் அதிகம்; கடன் சீக்கிரம் தீரும். அதுவே கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பெரிய தியாகம். பிறகு அவர் தம் பாகத்தில் வேண்டியதை விற்கட்டும்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால், உங்கள் பெயரில் தனிப் பட்டாவாகிவிட்ட நிலத்திலிருந்து இவ்வளவு சென்ட் என்று அளந்து நீங்களே தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முதலில் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்று நீங்கள் எழுதத் தயாராக இருப்பது, எவ்வளவு என்று தெரியாத ஒன்றை. "ஆற்றின் அளவறிந்து ஈக" என்ற குறளையும் நீங்கள் நடத்தியிருப்பீர்கள்.

அம்மா தம் பங்கை இப்போதைக்கு யாருக்கும் எழுத வேண்டாம். எழுதியே தீருவேன் என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவு, கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. நிபந்தனை எழுதப்படாமல் இருந்தால் பிறகு அதை நிறுவுவது கடினம்.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "அண்ணனின் கடனைத் தீர்க்க இதுவே சந்தர்ப்பம்" என்று வருகிறது. முதலில் அவருடைய 38 லட்சத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் புரிந்தது, நீங்கள் அவருக்குப் பட்ட கடனைச் சொல்கிறீர்கள். அம்மிணி, பணத்தைப் பேச நாக்கூசுகிறது என்று எழுதிய நீங்களே, பதினாறு வயதுப் பையன் ஒருவன் விட்ட படிப்புக்கு ஒன்றரை ஏக்கர் என்று விலை வைத்திருக்கிறீர்கள். அவர் அன்று உங்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. அதை ஒரே கையெழுத்தில் பைசல் செய்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அது பைசலாகாது. பரணர் பேகனிடம் பொன்னை வாங்காமல் வந்ததும் இதைத் தெரிந்துதான்.

அண்ணன் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீருக்கு இணைச்சீர்காரியாக அவர் பக்கத்தில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஆடி நோம்பிக்குப் பிறந்த வீடு போவீர்கள் அல்லவா? நங்கையாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். அண்ணனிடம் கடன் விவரத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று. 65 சென்ட் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். அவர் முகத்தில் முதலில் வருவது கோபமாக இருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

வரும்போது மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்து வாருங்கள். வில்லங்கச் சான்றை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஏற்கெனவே எங்காவது பதிவு செய்து எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பது அதில் தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்க நினைத்தேன். அவர் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்ற அந்த நாளைப் பற்றி ஆறு பக்கத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு. அதை அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. பத்திரப் பேச்சை எடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.